ஐஸ் கம்பெனி காலண்டரில் எழுதிய பாஸ்வேர்டு

சென்ற ஆண்டு பொங்கல் முடிந்த வாரம் நடந்தது இது. நான் குடியிருப்பது கேளம்பாக்கத்தில். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. சொந்த ஊர் திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு கிராமம். இதை எழுதி அனுப்பலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். காரணம், இந்தக் கதையில் நான் நல்லவனாக வருகிற இடம் ஒன்றுகூட இல்லை.

நானும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து ரத்த தானத்துக்காக ஒரு வெப்சைட் நடத்துகிறோம். முட்டுக்காட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கடலோர ஊர்களிலும், உள்ளே செங்கல்பட்டு வரையிலும் யாரெல்லாம் ரத்தம் கொடுக்கத் தயார், என்ன குரூப், போன் நம்பர் என்ன என்று அதில் இருக்கும். அவசரமென்றால் யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்து நேராகப் போன் செய்யலாம். அதை உருவாக்கியது நான். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் என் பெயரையும் போட்டுக்கொண்டேன். வேலை இல்லாத நேரத்தில் அதைத் திறந்து பார்த்து நானே சந்தோஷப்பட்டதும் உண்டு.

உருவாக்கியது நான்தான், ஆனால் நடத்தியது வேறு ஒருவர். சதுரங்கப்பட்டினத்தில் ஒரு அக்கா. அங்கே ஐஸ் கம்பெனியில் வேலை. விடிவதற்கு முன்னால் படகுகள் கடலுக்குக் கிளம்பும்போது பெட்டி பெட்டியாக ஐஸ் ஏற்றுவார்களே, அதற்குச் சீட்டு எழுதிக் கொடுப்பவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்து வெளியே வருகிறவர்களை வழிமறித்து "உன் குரூப்பு இன்னா?" என்று கேட்பார். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் கேட்பார். கல்யாணப் பந்தியில் கேட்பார். எங்கள் பட்டியலில் பாதிப் பேர் அவர் பிடித்துப் போட்டவர்கள். அதனால் வெப்சைட்டுக்குள் போய்ப் பெயர்களைச் சேர்க்கவும் மாற்றவும் அவருக்கு ஒரு அட்மின் கணக்கும் பாஸ்வேர்டும் கொடுத்து வைத்திருந்தோம். எல்லாவற்றையும் போனிலேயே செய்வார். என்னைத் தம்பி என்பார். நான் அவரை ‘என்னம்மா’ என்பேன். அப்போது அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை.

அந்த வாரம் திங்கட்கிழமை காலை அவரிடமிருந்து போன். "தம்பி, பாஸ்வேர்டு போட்டா சுத்திகினே கீது. அப்பறம் மறுபடி அதே பாஸ்வேர்டையே கேக்குது. இன்னான்னு கொஞ்சம் பாருங்க."

எங்கள் தொழிலில் இந்த மாதிரி போன் வந்தால் சொல்வதற்கென்று சில பதில்கள் எப்போதும் வாயில் தயாராக இருக்கும். பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்த்தீர்களா, போனை அணைத்துப் போட்டீர்களா. எல்லாம் செய்துவிட்டதாகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் போனிலும் போட்டுப் பார்த்தாராம். நான் அதைக் காதில் வாங்காமல் இன்னொரு தடவை பொறுமையாக அடிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மதியம் சாப்பிட்டதும் நானே போட்டுப் பார்த்தேன். எனக்கும் அதே கதைதான். தப்பான பாஸ்வேர்டு என்றும் சொல்லவில்லை, உள்ளேயும் விடவில்லை. சுற்றிவிட்டு வந்த இடத்திலேயே நின்றது. ஆனால் பொதுமக்கள் பார்க்கிற பக்கம் நன்றாக ஓடியது. பட்டியலைப் படிக்க முடிகிறது, உள்ளே மட்டும் நுழைய முடியவில்லை.

கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. எங்கள் வெப்சைட்டில் ஒருவர் உள்ளே நுழைந்தால், இன்னார் இத்தனை மணிக்கு வந்தார் என்று டேட்டாபேஸில் ஒரு வரி எழுதப்படும். அதை எழுத முடியாவிட்டால் கதவு திறக்காது. வெப்சைட்டை வைக்க எங்களுக்குச் சர்வரில் இடம் வாடகைக்குக் கொடுத்திருந்த ஹோஸ்டிங்காரர்கள், கொடுத்த இடம் நிரம்பிவிட்டதால் டேட்டாபேஸில் எழுதும் அனுமதியைத் தாங்களாகவே நிறுத்தி வைத்திருந்தார்கள். படிக்கலாம், எழுதக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

சரி, இருநூற்றுச் சொச்சம் பேர் உள்ள ஒரு பட்டியல் எப்படி இடத்தை நிரப்பும்? தேடினால், பட்டியல் சின்னதாகத்தான் இருந்தது. பட்டியலில் எந்த மாற்றம் செய்தாலும் அதைக் குறித்து வைக்க ஒரு பதிவேடு வைத்திருந்தேன், அதுதான் பூதமாக வளர்ந்திருந்தது. திறந்து பார்த்தேன். தினமும் விடிகாலை நாலு மணிக்கு மேல் ஒவ்வொரு பெயராக மறைக்கப்பட்டிருந்தது. ஒன்பது மணிக்கு மேல் அதே பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்திருந்தன. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். நடுநடுவே சில நாட்கள் மட்டும் ஒன்றுமே இல்லை. சில பெயர்கள் அடியோடு நீக்கப்பட்டிருந்தன. சில போன் நம்பர்கள் மாற்றப்பட்டிருந்தன. எல்லாமே அந்த அக்காவின் கணக்கிலிருந்து.

எந்த மனுஷி தினமும் நாலு மணிக்கு எழுந்து இருபது முப்பது பெயர்களை மறைத்துவிட்டு, காலையில் திரும்ப எடுத்து வைப்பாள்? யாரோ பாஸ்வேர்டைத் திருடி, ஏதோ புரோகிராமை ஓட விட்டு விளையாடுகிறான் என்று முடிவு கட்டினேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது. நம் சின்ன வெப்சைட்டையும் ஒருவன் மதித்துத் தாக்குகிறான், அவனை நாம் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்கிற பெருமை.

உடனே அந்த அக்காவுக்குப் போன் போட்டேன். பாஸ்வேர்டை யாருக்குக் கொடுத்தீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்று நான் குரலை உயர்த்தியதும், "மறந்துடும்னு கம்பெனி காலண்டர் பின்னாடி எழுதி வெச்சிகீறேன் தம்பி, அவ்ளோதான்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. பத்துப் பேர் வந்து போகிற இடத்தில் காலண்டரிலா எழுதுவது, உங்களை நம்பிக் கொடுத்ததற்கு என்னைத்தான் சொல்ல வேண்டும் என்று சரமாரியாகப் பேசினேன். நடுவில் அவர், "அந்தக் காலையில மாத்தறது வந்து தம்பி..." என்று ஏதோ ஆரம்பித்தார். நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பிறகு வரிந்து கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினேன். பதிவேட்டைக் காலி செய்தேன். எழுதும் அனுமதி திரும்ப வந்தது, லாகின் திறந்தது. திருடன் பட்டியலைக் கெடுத்து வைத்திருப்பான் என்பதால், போன சித்திரையில் நான் எடுத்து வைத்திருந்த பழைய நகலிலிருந்து எல்லாரையும் திரும்பக் கொண்டுவந்தேன். சித்திரைக்குப் பிறகு சேர்ந்தவர்களை மட்டும் தனியாக எடுத்து ஒட்டினேன். அக்காவின் கணக்கை அழித்தேன். வெப்சைட்டில் உதவிக்கு என்று இருந்த அவர் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போட்டேன். கடைசியாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியும் போட்டேன். வெப்சைட்டை ஒருவன் ஹேக் செய்துவிட்டான், சரிசெய்துவிட்டேன், பாஸ்வேர்டு ஐஸ் கம்பெனி காலண்டரில் தொங்கிக்கொண்டிருந்தது, இனி மாற்றம் எதுவானாலும் எனக்கு அனுப்புங்கள் என்று. நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை போட்டார்கள். இரண்டு பேர் எனக்குச் சபாஷ் போட்டார்கள். அந்த அக்காவும் குழுவில் இருந்தார். "சரிங்க சார்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

தம்பி சாராகியிருந்ததை நான் அன்று கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை. காலை ஆறரை மணிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன். அச்சிறுபாக்கம் பக்கத்து ஆள், வேன் டிரைவர். மனைவி பிரசவத்துக்குச் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், ஓ நெகட்டிவ் ரத்தம், உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைவு. கையில் இருந்த ஒரு பாட்டிலும் ஏறிவிட்டது. இன்னொன்று இருந்தால்தான் ஆபரேஷனுக்கு எடுத்துப் போக முடியும், குழந்தையின் துடிப்பு குறைகிறது என்கிறார்கள். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "அஞ்சு மணிலேந்து உங்க லிஸ்ட்ல எல்லாருக்கும் அடிச்சிகினு கீறேன்ணா. ஒருத்தரும் கெடைக்கல" என்றார்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தைரியம் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். ஓ நெகட்டிவ் கிடைப்பதே அரிது. எங்கள் பட்டியலில் எட்டுப் பேர். முதல் நம்பர் சுவிட்ச் ஆஃப். அடுத்தது தொடர்பு எல்லைக்கு வெளியே. மூன்றாவதும் அப்படியே. நான்காவது நம்பரே உபயோகத்தில் இல்லை என்றது. ஐந்தாவது மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தார். நான் இன்ன வெப்சைட்டிலிருந்து பேசுகிறேன், இந்த நம்பர்காரர் ரத்தம் கொடுக்கச் சம்மதித்திருந்தார், அவசரமாகத் தேவைப்படுகிறது, கொஞ்சம் அவரிடம் கொடுங்கள் என்றேன்.

"அவரு பூட்டாரு சார். ஆடி மாசமே பூட்டாரு" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. "ஐஸ் கம்பெனி அக்கா அப்பவே வூட்டுக்கு வந்து, பேரை எடுத்துட்டேன், இனிமே யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டுப் போனாங்களே. இப்ப விடியக்காலையில ஒருத்தரு கேட்டாரு, நீங்களும் கேக்கறீங்க."

அடியோடு நீக்கப்பட்ட பெயர்களில் ஒன்று அவருடைய கணவர். சித்திரை நகலிலிருந்து அவரை நான் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. மிச்சம் மூன்று நம்பரையும் அடித்தேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

வேறு வழியில்லாமல் அந்த அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை.

"ஓ நெகட்டிவா? எல்லாம் தொழிலுக்குப் பூட்டாங்க சார், ஒம்போது மணிக்கு மேலதான் கரைக்கு வருவாங்க. இருங்க... ஒருத்தரு இன்னிக்கு ஐஸ் எடுக்கல. இன்ஜின் ரிப்பேருன்னு சொல்லிகினு இருந்தாரு. வூட்லதான் கீறாரு. நான் போயி கூட்டிகினு வரேன்."

ஐஸ் எடுக்கவில்லை. அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யார் ஐஸ் எடுக்கிறார்களோ அவர்கள் கடலுக்குப் போகிறார்கள். கடலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள், கொண்டுபோனாலும் கொஞ்ச தூரத்தில் டவர் போய்விடும். அவர்கள் பெயர் பட்டியலில் இருந்தால், ரத்தம் தேடுகிறவர்களுக்கு வெட்டியாக நேரம் போகும். அதனால் அந்த அக்கா தினமும் சீட்டு எழுதும்போதே அவர்கள் பெயரை மறைத்திருக்கிறார். படகு கரைக்கு வந்ததும் திரும்ப எடுத்து வைத்திருக்கிறார். கடல் மோசமாக இருந்து யாரும் போகாத நாட்களில் பதிவேடு காலியாக இருந்திருக்கிறது. யாரும் சொல்லித் தராமல், யாரும் கேட்காமல், அவராகவே கண்டுபிடித்துச் செய்த வேலை அது. அதைத்தான் நான் திருட்டு என்று சொல்லி ஊர் சிரிக்க வைத்திருந்தேன்.

திருப்போரூர் வழியாக வண்டியை விரட்டிக்கொண்டு செங்கல்பட்டு போனேன். எனக்கு முன்னாலேயே அவர்கள் வந்துவிட்டார்கள். மீன் ஏற்றுகிற குட்டி யானை வேனில் அந்த மீனவரை முன்னால் உட்கார வைத்து, அக்காவும் கூடவே நெருக்கி உட்கார்ந்து வந்திருக்கிறார். ரத்தம் எடுத்து, சோதனை எல்லாம் முடிந்து, அந்தப் பெண்ணை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனபோது பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரைக்கும் அந்த டிரைவர் உட்காரவே இல்லை. வராண்டாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

அந்த மீனவரிடம், உங்கள் நம்பருக்கும் அடித்தேனே, ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டேன். அவர் நம்பர் மாற்றி ஐந்து மாதம் ஆகிவிட்டதாம். புது நம்பரை அக்கா அப்போதே வெப்சைட்டில் மாற்றிவிட்டாராம். பழைய நம்பரைத் திரும்பப் போட்டது நான்தான். கணக்கு எனக்கே தெளிவாகத் தெரிந்தது. நான் கை வைக்காமல் இருந்திருந்தால், ஐந்து மணிக்கு அந்த டிரைவர் பார்த்தபோது பட்டியலில் ஒரே ஒரு ஓ நெகட்டிவ் பெயர்தான் இருந்திருக்கும். சரியான நம்பரோடு இருந்திருக்கும். ஒரே போனில் முடிந்திருக்கும்.

வராண்டா பெஞ்சில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே என்று, பழியை அப்போதும் அவர் பக்கம் தள்ளுகிற மாதிரிதான் என் வாயில் வந்தது.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "சொல்லத்தான் வந்தேன் சார். ஏன் மறைக்கறேன்னு நீங்க ஒரு தபா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பாஸ்வேர்டை யாருக்குக் குடுத்தன்னுதானே கேட்டீங்க."

என் ஆபீசில் யாருடைய கணக்கிலாவது விசித்திரமாக ஏதாவது நடந்தால், நாங்கள் முதலில் செய்வது அவரைக் கூப்பிட்டு, இது நீங்கள் செய்ததா, எதற்காக என்று கேட்பதுதான். பக்கத்து சீட்டுக்காரனிடம் நான் கேட்டிருப்பேன். இவரிடம் ஏன் கேட்கவில்லை? பத்தாவது படித்தவர், ஐஸ் கம்பெனியில் சீட்டு எழுதுகிறவர், இவருக்கு என்ன காரணம் இருக்கப்போகிறது என்று நினைத்துவிட்டேன். அதோடு இன்னொன்றும் உண்டு. பேச்சுவாக்கில் ஒருமுறை அவர், தன் அம்மா எங்கள் ஊர்ப் பக்கம் நடவுக்கு வந்தவர் என்று சொல்லியிருந்தார். எங்கள் குடும்பம் நிலம் வைத்திருந்த குடும்பம். மூத்தவரை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடாமல் ‘என்னம்மா’ என்று கூப்பிட எனக்கு எங்கிருந்து வந்தது என்று அந்த பெஞ்சில்தான் முதல் தடவையாக யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், அந்தப் பொண்ணு நல்லபடியா வரட்டும்" என்றார். மீனுக்கு ஐஸ் போடுகிற நேரமாகிவிட்டது என்று பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

தாய் பிழைத்தாள். குழந்தையைப் பல நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். பெண் குழந்தை. அந்த டிரைவர் ஒரு மாதம் கழித்து கேளம்பாக்கத்துக்கே என்னைத் தேடிவந்து ஸ்வீட் பாக்கெட் கொடுத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். தாமதம் ஆனதே என்னால்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. ஐஸ் கம்பெனி அக்காதான் எல்லாம் செய்தார் என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்த ஸ்வீட் பாக்கெட்டைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன்.

பிறகு எல்லாவற்றையும் சரிசெய்தேன். பதிவேடு ஏன் அப்படி வீங்கியது என்று பார்த்தால், ஒரு பெயரை மறைத்தால்கூட அந்த ஆளின் முழு விவரத்தையும் போட்டோவோடு சேர்த்துக் குறித்து வைக்கும்படி நான்தான் எழுதியிருந்தேன். ஆகக் கோளாறும் என்னுடையது, திருடனும் நானே. வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டேன். அன்று சிரித்தவர்களில் ஒருவர்கூடப் பதில் போடவில்லை. இறந்துபோனவரின் மனைவியிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ போட்டுக் கொடுத்தார்.

அந்த அக்காவுக்கென்று புதிதாக ஒரு கணக்கு, ஒரே தொடலில் பெயரை மறைக்க ஒரு பட்டன், எல்லாம் செய்துகொண்டு ஐஸ் கம்பெனிக்குப் போனேன். சுவரில் பழைய காலண்டரை எடுத்துவிட்டுப் புது வருஷத்துக் காலண்டர் மாட்டியிருந்தார்கள். நான் பேசியதையெல்லாம் சீட்டு எழுதிக்கொண்டே கேட்டார்.

"பாஸ்வேர்டு வேணாம் சார். நாளைக்கு வேற எதுனா கோளாறு ஆச்சின்னா மறுபடி எங்கிட்டதான் கேப்பீங்க. நான் போன்ல சொல்றேன், நீங்களே போட்டுக்கோங்க."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. ஆனால் வேலையை அவர் விடவில்லை. தினமும் காலை நாலரை மணிக்கு அவரிடமிருந்து குரல் செய்தி வருகிறது. பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்கும். யார் யார் தொழிலுக்குப் போனார்கள் என்று பெயர் பெயராகச் சொல்வார். நான் எழுந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறைக்கிறேன். கரைக்கு வந்ததும் இன்னொரு செய்தி வரும், திரும்ப எடுத்து வைக்கிறேன். நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் ஒவ்வொரு செய்தியையும் சார் என்றுதான் முடிக்கிறார்.

அவருக்கென்று செய்த கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. அதன் நேரே, கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்று காட்டும் கட்டம் இன்றுவரை காலியாகவே கிடக்கிறது. தினமும் அதைப் பார்க்காமல் என்னால் வேலையை ஆரம்பிக்க முடிவதில்லை. ஏன் என்று ஒரே ஒரு வார்த்தை அன்றைக்குக் கேட்டிருந்தால், அந்தக் கட்டத்தில் தினமும் காலை நாலரை மணி என்று இருந்திருக்கும், நானும் இன்னும் அவருக்குத் தம்பியாகவே இருந்திருப்பேன்.